உப்பில்லாப் பத்தியம்

தாம்பரத்திலிருந்து மீட்டர்கேஜ் மின்ரயிலில் பட்டணம் போன காலத்தில், சானடோரியம் தாண்டியதுமே தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியாக வந்துவிடும். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் கம்பெனி அங்கேதான் இருந்தது. கம்பெனி போய்விட்டது, அதன் நினைவாக சி.எல்.சி. ஒர்க்ஸ் சாலை மிஞ்சியிருக்கிறது. அந்தச் சாலையில்தான் இன்று கல்லீரல் சிகிச்சைக்குப் பெயர்போன ரேலா மருத்துவமனை நிற்கிறது.

எங்கள் சிறுவயதில் மேற்குத் தாம்பரத்தில் கல்லீரல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாம் மஞ்சள் காமாலைதான். அண்ணனுக்குக் கண் மஞ்சளித்தபோது, அம்மா வரப்போரத்துக் கீழாநெல்லியைப் பிடுங்கிவந்து, அம்மியில் அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பு, புளி, எண்ணெய் எதுவும் கிடையாது. அவனுக்கென்று தனியாக உலை வைக்கவும் இல்லை. தாளிக்கிற வாசனை அவனை ஏங்கவைக்கக் கூடாதென்று வீடே அந்தச் சப்பென்ற சோற்றைத் தின்றது.

கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து ஆராய்ந்தார். பலன் தெரிகிறது என்ற அவர்களின் முடிவு 1988இல் லான்செட் இதழில் வெளியானது. பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்விலேயே தணிந்துவிடும். அண்ணனைத் தேற்றியது பச்சிலையா, ஓய்வா என்று அம்மா கேட்டதே இல்லை.

பின்னாளில் அப்பாவின் கல்லீரலில் சந்தேகம் வந்தது. விலா இடுக்கில் ஊசி இறக்கிச் சதைத்துணுக்கு எடுத்தார்கள். ரத்தம் கசியாமலிருக்க மணிக்கணக்கில் வலப்பக்கமாகவே படுத்திருந்தார். அம்மா அவர் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தாள்.

அண்மையில் என் முறை வந்தது. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க 3 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். சாப்பிட்டால் அளவு கூடிக் காட்டும். மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். விலா இடுக்கில் ஜெல் தடவி, கருவியின் முனையை வைத்தார்கள். விரலால் சுண்டியதுபோல் ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கிறது. கல்லீரல் இறுகியிருந்தால் அதிர்வு விரைந்து ஓடும். குறைந்தது 10 முறை அளந்து, நடு அளவைக் கிலோபாஸ்கலில் தருகிறார்கள். கொழுப்புக்குத் தனியாக ஓர் எண். பத்து நிமிடத்துக்குள் எழுந்துவிட்டேன். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இது சரிவராது. எண்ணுக்குப் பொருள் சொல்ல மருத்துவர் வேண்டும். சிலருக்கு ஊசி இன்றும் தேவைப்படுகிறது. ஆனாலும் அப்பா பட்ட பாடு பலருக்கு இல்லாமல் போனதே பெரிய நிம்மதி.

வெளியே நாற்காலிகளில் ஒவ்வொருவரும் தத்தம் ரிப்போர்ட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் அம்மாவின் சமையல் நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது. கொழுப்புக் கல்லீரலுக்கு முதல் வைத்தியம் நடையும் உணவும்தான்; எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கொழுப்பும் அழற்சியும் தணியும். அதை ஒருவர் மட்டும் தனியாகச் செய்துவிட முடியாது. அப்பாவுக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிவிட்டு, மற்றவர்களுக்குப் பரோட்டா பார்சல் வருகிற வீட்டில் அந்த எண் எப்படி இறங்கும்? ரிப்போர்ட்டை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். பத்தியத்தை எல்லோரும் சேர்ந்து உண்ண வேண்டும்.