மூழ்கிய நகரின் கடன் கணக்கு

கடல் 50 அடி உயர்ந்து நகரை மூழ்கடித்த பின்பும் வாடகை வசூல் நிற்பதில்லை. கிம் ஸ்டான்லி ராபின்சன் எழுதி 2017-இல் வெளிவந்த 'நியூயார்க் 2140' என்னும் அமெரிக்க நாவலின் அடித்தளம் இதுவே. இந்த ஒரு கருத்துக்காகவே அதனை விரும்பி வாங்கினேன். சுமார் 600 பக்கங்கள். படித்து முடித்தபோது மிஞ்சியது ஏமாற்றமே.

தெருக்கள் கால்வாய்களாகிவிட்ட மன்ஹாட்டனில், மேடிசன் சதுக்கத்து மெட்லைஃப் கோபுரத்தைச் சுற்றியே கதை நிகழ்கிறது. அங்குக் குடியிருக்கும் ஃபிராங்க்ளின் ஒரு நிதிச் சந்தை வணிகன். கடல் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது வெளிப்படும் பகுதியில் உள்ள கட்டடங்களின் மதிப்பை அளக்க ஒரு குறியீட்டெண்ணை உருவாக்கி, அதன் ஏற்ற இறக்கத்தின்மேல் பந்தயம் கட்டிப் பொருளீட்டுகிறான்.

இது வெறுங் கற்பனையன்று. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைகளுக்குள் கடல்நீரைக் கொண்டுவந்து நிரப்பியது. மறு ஆண்டே அந்நகரின் போக்குவரத்து ஆணையத்துக்காக 20 கோடி டாலருக்குப் பேரிடர்க் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. புயலில் எழும் கடல் குறித்த உயரத்தைத் தாண்டினால் முதலீட்டாளர் தம் முதலை இழப்பார். தாண்டாவிடில் முதலும் வட்டியும் அவருக்கே. வட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் பெரியவர்களிடம் வளர்ந்த நமக்கு, அலையின் உயரத்தை வைத்து நடக்கும் இவ்வியாபாரத்தைப் பற்றி எத்தனை கேள்விகள் எழும்!

ராபின்சன் கணக்கு அறிந்தவர்தாம். ஆனால் கடல் கொண்ட மக்களின் பெருந்துயரமோ 'குடிமகன்' என்னும் பெயரில் இடையிடையே வரும் விரிவுரைகளில் விரைந்து கழிந்துவிடுகிறது. 1780-இல் மூழ்கிய பிரிட்டிஷ் கப்பலின் தங்கத்தைத் தேடும் சிறுவருக்கும், ஆகாயக் கப்பலில் பனிக்கரடிகளை இடம் மாற்றும் நங்கைக்கும் பக்கங்கள் தாராளம். அடித்தளத்தில் நீர் கசியாது காக்கும் விலாட் என்னும் மேற்பார்வையாளர் வரும் இடங்கள் மட்டும் உயிருள்ளவை.

இறுதியில் மக்கள் வாடகையும் கடன் தவணையும் செலுத்த மறுக்கின்றனர். வங்கிகள் சாய்கின்றன, அரசு அவற்றை உடைமையாக்குகிறது. 2008-இல் நடவாததை ஏட்டிலாவது நடத்திப் பார்க்கும் ஆசை; தவறில்லை. ஆயினும் தவணை கட்ட மறுத்த முதல் வீட்டில் அன்றிரவு கணவனும் மனைவியும் என்ன பேசிக்கொண்டனர்? அந்த வீட்டினுள் ஆசிரியர் நம்மை அழைத்துச் செல்வதில்லை. அச்சமில்லாமல் வெற்றி வந்துவிடுகிறது. ஆதலால் அது மனத்தில் தங்குவதுமில்லை.

சாண்டி புயலுக்குப் பின் ஸ்டேட்டன் தீவின் ஓக்வுட் பீச் பகுதி மக்கள் தம் வீடுகளை எடுத்துக்கொள்ளுமாறு தாமே அரசை வேண்டினர். புயலுக்கு முந்தைய விலை கொடுத்து அரசு வாங்கி, வீடுகளை இடித்து, நிலத்தை இயற்கைக்கே விட்டது. விற்க மனமில்லாத சிலர் மட்டும் தங்கினர். அப்படித் தங்கிய ஒருவர், பக்கத்து வீடு இடிபடுவதைத் தம் வாயிலில் நின்று பார்த்த நாளை எவரேனும் எழுதினால், 60 பக்கமேயானாலும் வாங்கிப் படிப்பேன்.