நூறு வெள்ளி மலை

நூறு வெள்ளி நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே கினபாலு மலை, அதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வயது 72. நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவிய கால்கள். நாலு படி ஏறினாலே முழங்கால் வலிக்கும். "ஏறவா கேட்டேன்? பார்க்கத்தானே கேட்டேன்" என்றார்.

தம்பிக்கோ 4,095 மீட்டர் உச்சிதான் வேண்டும். ஏறுவதென்றால் முன்பதிவு, வழிகாட்டி, மலையிலேயே ஓர் இரவு என்று இரண்டு நாள் போய்விடும். எங்களுக்குக் கிடைத்த விடுப்பே மூன்று நாள். அவன் ஏறி இறங்கும்வரை அம்மா அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். இரண்டு வாரமாக வீட்டில் இதே வாக்குவாதம். கடைசியில் கேட்டுவிட்டேன்: "நீ இன்னும் இருபது வருஷம் கழிச்சுகூட ஏறலாம்டா. அம்மாவுக்கு?" அவன் பதில் பேசவில்லை. மறுநாள் வாடகைக் காருக்கு அவனே விலை விசாரித்து அனுப்பினான்.

கோத்தா கினபாலுவிலிருந்து பூங்காவின் தலைமையகம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேர மலைப்பாதை. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் சிக்கல். விடியும்போது பளிச்சென்று நிற்கும் மலையைப் பெரும்பாலான நாள்களில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். நகரில் சாவகாசமாகப் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் வெள்ளைத் திரையைத்தான் பார்க்கலாம். ஆகவே குண்டசாங்கில் இரண்டு இரவு தங்குகிறோம். ஒரு விடியல் மழையில் போனாலும் இன்னொன்று கைவசம் இருக்கும். மலையைப் பார்த்த அறைக்கு விலை கொஞ்சம் கூடத்தான். போகட்டும்.

விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனை உண்டு என்றதும், "நம்ம நாட்டுக்குள்ள போறதுக்கா?" என்று அம்மா வியந்தார். மைகார்டு போதும். தலைமையகமே 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்ச்சட்டை, காலுறை, தைலம் எல்லாம் தனிப் பையில்.

போகும் வழியில் நபாலு சந்தையில் அன்னாசி. இரண்டாம் நாள் போரிங் வெந்நீர் ஊற்று. முழங்காலை நினைத்து அம்மா அதிகம் விசாரித்தது அதைத்தான். ரப்லேசியா பூத்திருந்தால் சாலையோரத்தில் பலகை வைத்திருப்பார்கள். சில நாளில் வாடிவிடும் பூ. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

குண்டசாங் போர் நினைவகத்தையும் சேர்த்திருக்கிறேன். 1945இல் ஜப்பானியர்கள் சண்டாக்கானிலிருந்து ரானாவுக்கு நடக்கவைத்த போர்க்கைதிகளில் தப்பியவர்கள் ஆறே பேர். சொன்னதும் அம்மா அமைதியாகிவிட்டார். சயாம் ரயில்பாதைக்குப் போன அவருடைய பெரியப்பா திரும்பவே இல்லை. "அங்கே கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்கு" என்றார். ஒதுக்கிவிட்டேன்.

தம்பி கைப்பேசியில் ஐந்தரைக்கு அலாரம் வைத்துவிட்டான். சபாவில் நம் பக்கத்தைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடும்.