கசிவு என்னும் ஒரு சொல்

நீர் தன் இடத்தை விட்டு வெளியேறும் விதத்துக்கு ஏற்பத் தமிழில் வினை மாறும். கூரை ஒழுகும், குழாய் சொட்டும், சுவர் கசியும், கிணற்றடியில் ஊற்று ஊறும். கூரை கசிகிறது என்று சொன்னால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒழுகுகிறது என்றால் உடனே பாத்திரம் தேட வேண்டும். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூரிலும் திருப்பதியிலும் இவற்றோடு இன்னொரு வினையும் காதில் விழும். தெலுங்கில் ஒழுகுதலைக் குறிக்கும் வினை ‘காரு’. ஆகவே கார் ஒழுகுகிறது என்பதை அங்கே ‘காரு காருதோந்தி’ என்பார்கள். சொல்பவருக்கே சிரிப்பு வரும் தொடர் அது.

ஆனால் வாகனப் பட்டறைக்குள் நுழைந்ததும் இந்த வினைகள் எல்லாம் ‘லீக்’ என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடுகின்றன. பெட்ரோல் லீக், ஆயில் லீக், தண்ணி லீக், காத்து லீக். பழைய கார்களில் இதனால் பெரிய நட்டம் இல்லை. கையை வைத்து முகர்ந்து பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். ஹைபிரிட் கார்களில் இந்தச் சொற்சுருக்கம் செலவு வைக்கிறது. சில வேளைகளில் உயிருக்கும் உலை வைக்கக்கூடும்.

பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒன்றாகக் கொண்ட கார்களுள் பெருமளவில் உற்பத்தியான முதல் கார் டொயோட்டா பிரியஸ். ஜப்பானில் அது 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும் 2010-இல் பிரியஸும் இறக்குமதியாகி விற்கப்பட்டன. 2013 முதல் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் கேம்ரி ஹைபிரிட் உருவானது. அன்று பெருநகரங்களில் வசதி படைத்தோர் வாங்கிய அந்தக் கார்கள் இன்று பத்து, பதினைந்து வயதைக் கடந்து, கைமாறிக் கைமாறிச் சிறு நகரங்களுக்கு வருகின்றன. பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் இருக்கும் சித்தூருக்கு அவை வருவதில் வியப்பில்லை. கார் வந்துவிடுகிறது, அதைப் பழுதுபார்க்கும் அறிவும் அந்த அறிவுக்கான சொற்களும் கூடவே வருவதில்லை.

சித்தூரில் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் இப்படி ஒரு கேம்ரியை வைத்திருக்கிறார். ஒரு கார்த்திகை மாதத்து அடைமழைக்குப் பின் அதில் ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பட்டறைக்காரர் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: “சார், பேட்டரியில லீக்கேஜ் காட்டுது.” ஆசிரியர் கேட்டார்: “ஆசிட் ஒழுகுதாப்பா?” “லீக்கேஜ்தான் சார். பெரிய பேட்டரி.” உரையாடல் அவ்வளவுதான். பேட்டரி ஓட்டையாகிவிட்டது, மாற்றியாக வேண்டும், மாற்றினால் காரின் இன்றைய மதிப்பில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்று ஆசிரியர் முடிவுகட்டினார். காரை எடைக்குப் போட்டுவிடலாமா என்றும் வீட்டில் பேச்சு எழுந்தது.

இருவருமே பொய் சொல்லவில்லை. இருவர் மனத்திலும் இருந்த பேட்டரிதான் வேறு வேறு. 1985-இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பேட்டரி என்றால் ஈயமும் அமிலமும் நிறைந்த பெட்டி. அதில் லீக் என்றால் அமிலம் ஒழுகுதல். கேம்ரியின் பெரிய பேட்டரி அந்த இனத்தைச் சேர்ந்தது அன்று. நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையைச் சேர்ந்த, 7.2 வோல்ட் கொண்ட 34 அலகுகள் தொடராக இணைந்து 244.8 வோல்ட் தரும் தொகுதி அது. வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரத்துக்குக் குறையாத அழுத்தம், அதிலும் நேர்மின்சாரம்.

கருவி காட்டிய குறி பி0ஏஏ6. உயர் மின்னழுத்தச் சுற்றின் காப்பு குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். சாதாரணக் காரில் 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். ஹைபிரிட்டின் உயர் மின்னழுத்தச் சுற்றோ உடலை எங்கும் தொடாமல் தனித்து நிற்க வேண்டும். அது தனித்துத்தான் நிற்கிறதா என்று காரே ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கும். ஈரமோ உப்போ துருவோ இடையில் பாலமிட்டு மின்சாரம் உடலை நோக்கிச் சிறிதளவு நழுவினாலும் எச்சரிக்கை எரியும். பட்டறைக்காரர் சொன்ன ‘லீக்கேஜ்’ இதுதான். நாளிதழ்த் தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே உண்டு: மின்கசிவு. ஆங்கிலச் சொல்லை விட்டு அந்தத் தமிழ்ச் சொல்லை அவர் பயன்படுத்தியிருந்தால் அமிலம் பற்றிய கேள்வியே எழுந்திராது.

ஆசிரியரின் மகள் குறியின் பொருளைத் தேடிப் படித்தபோதுதான் பேச்சு திசை மாறியது. “அப்பா, பேட்டரியிலிருந்து எதுவும் வெளியே வரலை. வெளியிலிருந்து தண்ணி உள்ளே போயிருக்கணும்.” அதன்பின் வீட்டில் நடந்த தேடல், எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

காருக்குள் ஈரம் கண்டால் முதலில் அது எந்த நீர் என்று பிரித்தறிய வேண்டும். மழையே இல்லாத சித்திரை வெயிலில் முன்னிருக்கையின் காலடி நனைந்தால் அது பெரும்பாலும் ஏசி நீர். குளிர்ந்த சுருளில் படியும் ஈரத்தை வெளியேற்றும் சிறு குழாய் தூசியால் அடைபட்டிருக்கும். அந்த நீர் நிறமற்றது, மணமற்றது. நிறமும் வழுவழுப்பும் இனிய வாசனையும் இருந்தால் அது கூலன்ட். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு; இனிப்பாக இருப்பதால் நாயும் குழந்தையும் நக்கிவிடக்கூடும். இரண்டும் இல்லாமல், மழைக்குப்பின் மட்டும், மண்கறையோடு தேங்கினால் அது மழைநீர்.

மழைநீர் என்று உறுதியான பின் வழியைத் தேடலாம். நீர் தேங்கிய இடம் வேறு, நுழைந்த இடம் வேறு என்பதுதான் இதில் உள்ள சிக்கல். டிக்கியின் விரிப்பையும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து, எல்லாவற்றையும் நன்றாக உலர்த்தி, உட்புற இணைப்புகளின் ஓரத்தில் சாக்கட்டித் தூளைத் தூவ வேண்டும். அடியில் செய்தித்தாள் விரிக்க வேண்டும். பின் வெளியிலிருந்து மெல்லிய தாரையாக நீரை ஊற்ற வேண்டும். தொடக்கம் கீழிருந்து: முதலில் பம்பர் ஓரம், அடுத்துப் பின்விளக்கு, அதன்பின் டிக்கியின் ரப்பர் விளிம்பு, கடைசியில் கூரை இணைப்பு. மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இடங்களையும் ஒருசேர நனைத்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. அழுத்தக் குழாயை இதற்குப் பயன்படுத்தலாகாது. மழை ஒருபோதும் போகாத இடத்துக்கும் அது நீரைச் செலுத்திவிடும்.

அந்தக் காரில் குற்றவாளி இடப்பக்கப் பின்விளக்கு. அதன் பின்னால் இருந்த நுரை வளையம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. தூளில் விழுந்த மெல்லிய கோடு அங்கிருந்து உள்நோக்கி இறங்கியது. இத்தகைய இடத்தில் எம்-சீலை அப்பிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். அது கல்லாக இறுகும். குலுங்கும் உலோகத்தோடு சேர்ந்து வளையாமல் வெடிக்கும். குளியலறைக்கு வாங்கும் சிலிக்கானில் புளிக்காடி மணம் வீசும் வகை, உலோகத்தை அரிக்கும். புதிய வளையமோ, காரின் உடலுக்கென்றே விற்கப்படும் இணைப்புப் பசையோதான் நிலைத்த தீர்வு. தந்தையும் மகளும் விளக்கைக் கழற்றி, துருவைத் தேய்த்து, புதிய வளையம் பொருத்தினார்கள்.

அத்தோடு அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் முக்கியமானது. ஹைபிரிட் காரில் வீட்டார் செய்யக்கூடியவை பல உண்டு. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளையைப் பைகளால் மறைக்காமல், தூசி உறிஞ்சித் தூய்மையாக வைக்கலாம். எஞ்சினுக்கும் இன்வெர்ட்டருக்கும் உள்ள இரு கூலன்ட் தொட்டிகளின் அளவையும் கார் ஆறியிருக்கும்போது பார்க்கலாம். அளவு குறைந்தால் உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரை ஊற்றாமல் குறிப்பிட்ட கூலன்டையே ஊற்றலாம். சிறிய 12 வோல்ட் பேட்டரியின் நலத்தைக் கவனிக்கலாம். அது ஓய்ந்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. ஆனால் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பி தொடங்கும் இடத்தில் வீட்டாரின் எல்லை முடிகிறது. இணைப்புத் துண்டிப்பானைக் கழற்றியபின் மின்தேக்கிகள் வடிவதற்குப் பயிற்சி பெற்றவரும் பத்து நிமிடம் காத்திருப்பார். அதன் பிறகும் அலகுகளுக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பேட்டரியைச் சென்னையில் பயிற்சி பெற்ற ஒருவர் திறந்தார். ஓர் இணைப்பியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அலகுகள் நலமாக இருந்தன. துடைத்து, உலர்த்தி, மூடியபின் எச்சரிக்கை மறைந்தது.

பேட்டரி எவ்வளவு சிறியது என்பதை அறியத் திருமலை நல்ல அளவுகோல். 1944-இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதைதான் இன்று இறங்கும் பாதை. மலைக்கும் திருப்பதிக்கும் இடையில் ஏறத்தாழ 700 மீட்டர் உயர வேறுபாடு. ஆட்களோடு 1,900 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் மூன்றரை யூனிட். கேம்ரி பேட்டரியின் முழுக் கொள்ளளவே 1.6 யூனிட்; ஆயுள் கருதி அதில் ஒரு பகுதியைத்தான் கார் பயன்படுத்தும். ஆகவே பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்துவிடக்கூடும். மின்தடுப்பு தன்னைக் காக்கும் என்று நம்பி இறங்குவோர், அதற்குப்பின் எஞ்சினின் இழுவையையும் சாதாரண பிரேக்கையுமே நம்ப வேண்டியிருக்கும் என்பதை அறிந்திருப்பது நல்லது. பல ஹைபிரிட்களில் உள்ள ‘பி’ நிலை இதற்கானதே.

தமிழ் பேசும் நிலத்திலேயே இந்த அறிவு செழித்திருக்கும் இடம் ஒன்று உண்டு. இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட்கள் ஏராளம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. தேவை இருந்த இடத்தில் கைத்திறனும் வளர்ந்தது, அதற்கான பேச்சும் வளர்ந்தது. சித்தூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் கடல் இருக்கலாம், மொழி இருக்கிறது. அந்தப் பட்டறைத் தமிழ் இங்கே வந்து சேரத் தடை ஏதும் இல்லை.

திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, தெலுங்குத் தொழிற்சொற்களை ஊர் ஊராகத் தொகுக்கும் பணிக்கு வித்திட்டவர். வேளாண்மைச் சொற்கள் அடங்கிய தொகுதி 1962-இல் வெளிவந்தது. ஏர், கலப்பை, மதகு ஆகியவற்றுக்கு மொழியியலார் அன்று அளித்த மதிப்பு, ஸ்பேனருக்கும் கூலன்டுக்கும் இன்று உரியது. வழக்கொழியும் சொற்களைச் சேகரிப்பது பெரும்பணி. பிழையாகப் புரிந்துகொள்ளப்படும் சொற்களைச் சேகரிப்பதும் அதற்குக் குறைந்தது அன்று.

2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதி அருகே இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டபோது, கீழ்ப்புற ஊர்மக்களை வெளியேற்றி, மணல்மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காத்தார்கள். கரையின் கசிவை உரிய நேரத்தில் கண்டு சொல்வதும் அதை அடைப்பதும் ஊரார் கடமையாக இருந்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து என்பது அரபியில் பிறந்து பாரசீகமும் உருதுவும் வழியாக வந்த சொல். தமிழும் தெலுங்கும் அதைத் தமதாக்கிக்கொண்டன. இரவல் சொல் என்பதால் அது பொருள் மங்கவில்லை. எதைக் குறிக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமும் இல்லை. ‘லீக்கேஜ்’ இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. சித்தூர்ப் பட்டறைகளில் அது எத்தனை பொருளில் வழங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் தெலுங்கிலும் என்ன வினை உண்டு என்று கேட்டு எழுதிவைக்க ஒரு முதுகலை மாணவருக்கு ஒரு பருவம் போதும்.