மண்டபத்தின் சாவி

2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் மூண்ட தீ, பல்லேகலவில் வாழும் எமக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. ஊரடங்கு இரவுகளில் அதன் புகையை முகர்ந்தவர்கள் நாம். முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் ஏன் எரிந்தன என்பதைச் சிங்களமும் தமிழும் பேசும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாயிருந்து ஆராய வேண்டுமென்று, ஓராண்டு கழித்து ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தோம். மக்கள் வரிப்பணத்தில் எழுந்த மண்டபமொன்றுக்கு வாடகையும் முற்பணமும் கட்டிப் பற்றுச்சீட்டும் பெற்றோம்.

இரண்டு நாள் முன்னதாக மண்டபப் பொறுப்பாளர் எம்மை அழைத்துப் பணத்தைத் திருப்பித் தந்தார். "யாரோ ரெலிபோனில் பேசினார்கள், மாஸ்டர். நாளைக்குக் கண்ணாடி உடைந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்றார். அவர் கெட்டவரல்லர், ஓய்வூதியத்தை எதிர்நோக்கியிருந்த எளிய மனிதர். ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் பதினேழு பேர் கூடிப் பேசிக் கலைந்தோம்.

கூடுவதற்கு இடமில்லாமற் போவது மலைநாட்டுக்குப் புதிதன்று. தோட்டம் முழுவதும் துரையின் உடைமையாயிருந்த காலத்தில், தொழிலாளரைக் காண நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது. கண்டிக்கு வடக்கே மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர் தொழிலாளர் பக்கம் சாய்ந்து வேலை இழந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டிக் கூட்டத்தில், கமலாதேவி சட்டோபாத்யாய வீற்றிருந்த மேடையில், துரைமாரை வெளிப்படையாகக் கண்டித்தார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். தலைமறைவான அவர் மே 5ஆம் நாள் காலிமுகத்திடலில் பெருந்திரளின் முன் தோன்றினார். பேசியதற்காக ஒருவனை நாடு கடத்த முடியாதென்று அதே மாதம் 18ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்காவின் ஜேர்சி நகரில் மேயர் ஹேக் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு இடம் மறுத்த வழக்கு 1939இல் முடிந்தபோது, வீதியும் பூங்காவும் மக்கள் கூடிப் பேசுவதற்கென்றே காலங்காலமாக உள்ளவை என நீதியரசர் ரொபேர்ட்ஸ் எழுதினார்.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் உரக்கச் சொல்வது எளிது. அந்த ஆண்டு யூலையிலேயே எமக்குச் சோதனை வந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் நாடெங்கும் முஸ்லிம்கள் அஞ்சி ஒடுங்கியிருந்த வேளையில், கண்டி போகம்பரை மைதானத்தில் 7ஆம் திகதி மாநாடு கூட்டப் பொதுபல சேனா முனைந்தது. மைதானத்தைக் கொடுக்கலாகாது என்று நண்பர்கள் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டு வந்தார்கள். எமக்கும் அவர்களின் கோபமே இருந்தது. பேனாவை எடுத்த பிறகுதான் மேசை இழுப்பறையில் கிடந்த அந்தப் பற்றுச்சீட்டு நினைவுக்கு வந்தது. கையொப்பமிடவில்லை.

திகனவில் கடையை இழந்த நானா ஒருவர் அதைக் கேள்வியுற்று, "உங்களுக்கு அது பேச்சுச் சுதந்திரம், மாஸ்டர். எங்களுக்கு அது அடுப்பில் வைத்த சுள்ளி" என்றார். அவர் முன்னே எமது சட்டப் படிப்பெல்லாம் வாயடைத்து நின்றது. ஆயினும் சொன்னோம்: "நானா, உங்கள் கடையை எரித்தவர்கள் எந்த மண்டபத்துக்கும் வாடகை கட்டவில்லை. வீதியில் வந்தார்கள். தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. அதைத்தானே நாம் கேட்க வேண்டும்?"

வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அதுவும் எவர் கையில் என்பதைப் பொறுத்தது. 2019 ஏப்ரலில் அச்சட்டத்தின் கீழ்ச் சிறை சென்றவர் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார. இதனால்தான் பொறுப்பாளரோ பிரதேச சபையோ கருத்தை நிறுத்துப் பார்த்து இடம் கொடுக்கும் முறையை நாம் அஞ்சுகிறோம். கல்லெறிவேன் என்று மிரட்டுபவனைப் பொலிஸார் பிடிக்காமல் மண்டபத்தை மூடினால், சாவி மிரட்டியவன் கைக்கே போய்ச் சேர்கிறது. இன்று அவன் எமக்கு எதிரி. நாளை எம் பக்கத்தவனாகவும் இருக்கக் கூடும்.

நானா இணங்கவில்லை. போகம்பரையில் மாநாடு நடந்த அன்று அவர் பிள்ளைகளோடு வீட்டுக்குள்ளேயே இருந்தார். நாம் அங்கே போய், பொழுது சாயும் வரை அவரோடு அமர்ந்திருந்தோம்.