குரலும் ஓர் அமானிதம்

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்களுக்கு நம் அத்தா சொன்ன பதிலை நாம் இன்னும் மறக்கவில்லை. "தையல் வேலை மாதிரிதான். நான் துணியைத் தைத்தேன், இவன் பேச்சைத் தைக்கிறான்" என்றார். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நாற்பது ஆண்டுகள் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த அந்த மனிதருக்கு, வலையொலித் தயாரிப்பு என்னும் தொழிலை விளக்க வேறு சொல் அகப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அதைவிடப் பொருத்தமான விளக்கம் நமக்கும் இதுவரை அகப்படவில்லை.

வலையொலியை வானொலியின் பேரப்பிள்ளை எனலாம். வானொலி தன் நேரத்தில் பேசும். நாம் காத்திருந்து கேட்க வேண்டும். வலையொலியோ கேட்பவரின் நேரத்துக்காகக் காத்திருக்கும். 2004-ஆம் ஆண்டில் பென் ஹாமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய கட்டுரையில்தான் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் முதலில் அச்சேறியது. ஐபாட் என்னும் சிறு இசைக் கருவியின் பெயரோடு, ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டுப்போட்டுப் பிறந்தது அது. 2022-இல் ஐபாட் உற்பத்தியே நின்றுபோயிற்று. கருவி மறைந்தது, அதன் பெயரைச் சுமந்த தொழில் நிலைத்துவிட்டது.

குரலின் மீதுள்ள பற்று நமக்கு வீட்டிலேயே கிடைத்த சொத்து. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் குரல் ஒலித்தால், அத்தாவின் கால் மிதிபலகையில் தானாக நின்றுவிடும் என்று அம்மா சொல்வார். கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு குரலுக்காக மதுரையில் ஓர் எந்திரம் நின்றது! குரலின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் தொழில் செய்யும் இடம் காளவாசல். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குக் காளவாசல் என்று பெயர். இன்று இங்கே சூளை இல்லை. சூடு மட்டும் குறையவில்லை. தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கும் இந்த முனையில் 2020-இல் மேம்பாலம் திறந்தார்கள். வண்டிகளுக்கு வழி கிடைத்தது. நமக்கு அமைதி கிடைக்கவில்லை. ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குப் போகும் பேருந்துகளின் ஊதல் ஒலி நம் மாடியறையின் சன்னலைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒலிப்பதிவை இரவு இஷாவுக்குப் பின் வைத்துக்கொள்வோம். சுவர் எதிரொலிக்காமல் இருக்க நாற்புறமும் போர்வைகளைத் தொங்கவிடுவோம். மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். மதுரையின் மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவர் நம்மிடம் பொய் பேச மாட்டார் என்பது நம் அனுபவம். அவ்வளவு நேரம் பாசாங்கு தாங்காது!

ஒரு மணி நேரப் பேச்சைச் செப்பனிட நமக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. இருமல், திணறல், சொன்னதையே திரும்பச் சொல்லுதல் ஆகியவற்றை நீக்க வேண்டும்; ஒருவர் உரக்கவும் மற்றவர் மெல்லவும் பேசியிருந்தால் இரண்டையும் சமப்படுத்த வேண்டும். முற்காலத்து வானொலி நிலையங்களில் காந்த நாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டினார்கள். இன்று திரையில் ஒரு கோடு போட்டால் போதும். வெட்டிய தழும்பு எந்தக் காதுக்கும் தெரியாது. இந்தத் தொழிலின் பெருமையும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

ஓர் அனுபவத்தைச் சொல்கிறோம். மதுரையின் முதியவர்களைப் பேசவைத்து ஒரு தொடர் வெளியிட ஒருவர் முன்வந்தார். நமக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலை வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டோம். வாய்ப்பேச்சில்தான் எல்லாம் முடிந்தது, எதையும் எழுதிக்கொள்ளவில்லை. மூன்றாவது நிகழ்ச்சிக்கு ஓர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி வந்தார். முதலாளியைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல மனுசன்தான்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. எண்ணிப் பார்த்தோம்: ஒன்பது விநாடி. அதன் பின், "ஆனா, என் தம்பிக்குக் கை போனப்போ எட்டிப் பாக்கல" என்றார்.

முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குமாறு தொடரை நடத்தியவர் சொன்னார். விளம்பரம் தருபவர்கள் வருந்துவார்களாம். அரை நிமிட வேலைதான். அந்த மாத வாடகையும் அதற்குள் இருந்தது. அன்றிரவு அத்தாவிடம் சொன்னோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "நான் சட்டை தச்சுக் கொடுக்கும்போது மீதித் துணியையும் சுருட்டிப் பையில வைப்பேன், பாத்திருக்கியா? நம்ம கையால வெட்டினதுனால அது நம்ம துணி ஆயிடாது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாம் மறுத்துவிட்டோம். தொடர் கைவிட்டுப் போயிற்று. அதுவரை செய்த வேலைக்கும் பணம் வரவில்லை. கதை இதோடு முடிந்திருந்தால் நம் நேர்மையை நாமே மெச்சிக்கொண்டு உறங்கியிருப்போம். ஆனால் ஒலிப்பதிவின் மூலப்படி அவர்கள் கையிலும் இருந்ததே! வேறொருவரைக் கொண்டு வெட்டி வெளியிட்டுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் நம் மாடிப்படி ஏறி வந்தார். "நான் மொதலாளியப் புகழ்ந்து பேசினேன்னு எல்லாரும் சொல்றாங்க. என் தம்பி பேச்சே அதுல இல்லையே தம்பி?" என்றார். கோபத்தோடு கேட்டிருந்தால் தாங்கியிருப்போம். தம் நினைவின் மீதே ஐயம் கொண்டவராய்க் கேட்டார்.

அன்றுதான் ஒன்று விளங்கிற்று. தவறான காரியத்திலிருந்து நாம் விலகிக்கொள்வது மட்டும் போதாது. நம்மை நம்பி நம் அறையில் வாய் திறந்தவரின் குரல் நமக்கு அமானிதம். அதற்குக் காவல் போடாமல் ஒதுங்கியது நம் குற்றமே. கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள் என்று நம் மறை பணிக்கிறது. காசுக்கே எழுத்து வேண்டுமானால், மனிதரின் சொல்லுக்கு வேண்டாமா? அதன் பிறகு எந்த வேலையிலும் மூன்று நிபந்தனைகளை எழுதிய பின்னரே ஒலிவாங்கியைத் திறக்கிறோம். பாதிக் கூலி முன்பணம். பேசியவர் கேட்டு இசைந்த பின்னரே வெளியீடு. வெட்டாத முழுப் பதிவு பேசியவருக்கும் ஒரு படி. இவற்றைக் கண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு. தங்கியவர்கள் குறைவு, ஆயினும் உலை கொதிக்கிறது.

அந்தப் பெரியவருக்கு முழுப் பதிவையும் ஒரு பென்டிரைவில் இட்டுக் கொடுத்தோம். மறு ஆண்டு அவர் இறந்துபோனார். அவருடைய மகள் வந்து, பென்டிரைவ் பழுதாகிவிட்டது, இன்னொரு படி வேண்டும் என்று கேட்டார். இரைச்சலையும் இருமலையும் நீக்கித் தூய்மை செய்து தரட்டுமா என்றோம்.

"வேண்டாம் தம்பி. அந்த இருமலையும் சேத்தே குடுங்க. அத்தனையும் எங்க அப்பாதான்" என்றார்.

மீதித் துணியைச் சுருட்டிப் பையில் வைத்த அத்தாவின் கை அப்போது நம் கண்முன் தோன்றிற்று. ஒன்பது விநாடி மௌனமும் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்த பிறகு, அதை அவர் கையில் கொடுத்தோம்.