41 என்றார்கள், நம்பினேன்

போன மாதம் அக்கா மகன் புனே வந்திருந்தான். இப்போது அவன் டாக்டர். கோவில்பட்டி வீட்டு முற்றத்தில் என் முதுகில் ஏறி யானைச் சவாரி போனவன், என் பி.பி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதை யாரு மாமா எழுதிக் குடுத்தா?" என்று கேட்கிறான். காலம்!

ஊர் திரும்பும் அன்று காம்ப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். வழியில் டாக்டர் அம்பேத்கர் சாலையில் தேசிய வைராலஜி நிறுவனத்தின் போர்டைப் பார்த்ததும், "கேரளாப் பொண்ணோட ரிசல்ட் இங்கேருந்துதான மாமா போச்சு?" என்றான். ஆமாம். 2020 ஜனவரி 30. வூஹானிலிருந்து ஊர் திரும்பிய திருச்சூர் மாணவி, இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி. சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். அடுத்த கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அன்னிக்கு நீங்க ஏன் மாமா வர வேண்டாம்னு சொன்னீங்க?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஸ்டேஷன் வரும்வரை ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சோறு போடுவது போசரி எம்.ஐ.டி.சி.யில் உள்ள ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி. சப்ளையர் குவாலிட்டி வேலை. வெளியிலிருந்து வரும் சரக்கு சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சீனாவின் ஹூபே மாகாணத்தில் ஷியாங்யாங் என்ற ஊரிலிருந்து எங்களுக்கு வார்ப்புப் பாகங்கள் வந்தன. அதற்காக 4 தடவை போய் வந்திருக்கிறேன். அதனால் எங்கள் குடும்பத்தில் நான்தான் 'சீனா எக்ஸ்பர்ட்'. பையனை வூஹானில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாமா என்று அத்தான் கேட்டபோது "தாராளமா அனுப்புங்க அத்தான்" என்று சொன்னவனும் நான்தான்.

2020 பொங்கலன்று காலையில் அக்கா போன் செய்தாள்.

"ஏல தம்பி, டி.வி.யில என்னமோ வைரஸ் வைரஸ்னு சொல்லுதான். இவன் லீவுக்கு வராம அங்கயே இருந்து படிக்கேங்கான். டிக்கெட் போட்டு வரச் சொல்லட்டா? நீதான சீனாக்காரங்கூடப் பழகுத, கேட்டுச் சொல்லு."

கேட்டேன். எங்கள் சப்ளையர் கம்பெனியில் ஏற்றுமதி பார்க்கும் அம்மாவுக்கு வீசாட்டில் செய்தி அனுப்பினேன். "இங்கே எல்லாம் நார்மல். குளிர் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. வூஹான் சுகாதாரத் துறையின் கணக்கும் பார்த்தேன். 41 பேருக்கு நோய், ஒருவர் மரணம்.

"அக்கா, ஒரு கோடி பேர் இருக்குற ஊருல 41 பேருக்குக் காய்ச்சல். நம்ம ஊரு டெங்கு இதைவிடப் பெருசு. டிக்கெட்டுக்கு 18,000 ரூபாய் தண்டம். பையன் படிக்கட்டும்" என்றேன். அக்கா நிம்மதியாகப் பொங்கல் பானையைப் பார்க்கப் போனாள்.

சரி, என் கண் முன்னால் என்னவெல்லாம் இருந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஜனவரி 11-ஆம் தேதி 41. 12-ஆம் தேதி 41. 16 வரை அதே 41. எந்தத் தொற்று நோயாவது ஐந்து நாள் ஒரே எண்ணில் அசையாமல் நிற்குமா? அந்த நாட்களில்தான் ஹூபே மாகாண மக்கள் பேரவையின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. மேலிடத்துப் பெரியவர்கள் கூடியிருக்கும்போது கெட்ட செய்தியை யார் கொண்டுபோய் நீட்டுவார்கள்?

இரண்டாவது, ஜனவரி 13 அன்று தாய்லாந்தில் ஒரு நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். வூஹானிலிருந்து வந்த பயணி.

மூன்றாவதுதான் இன்றும் உறுத்துகிறது. ஜனவரி 10 அன்றே சப்ளையர் அம்மா, நான் கேட்காமலே எழுதியிருந்தார்: "இந்த வருஷம் விடுமுறை நீளலாம். பிப்ரவரிச் சரக்கையும் இப்போதே எடுத்துக்கொள்வது நல்லது." வருஷக் கடைசியில் டார்கெட்டுக்காகத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த அம்மா எனக்குச் சொல்லக்கூடியதை எல்லாம் அந்த இரண்டு வரியில் சொல்லிவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது. வாயால் சொன்னது 'நார்மல்'. டெலிவரி தேதி சொன்னது வேறு.

அதற்கு மேல் அவர் எப்படிச் சொல்வார்? மருத்துவர் லீ வென்லியாங் டிசம்பர் 30 அன்று சக மருத்துவர்களின் குழுவில் எச்சரித்ததற்காக, ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். ஷாங்காய் விஞ்ஞானி ஜாங் யொங்ஜென் ஜனவரி 11 அன்று வைரஸின் மரபணு வரிசையை உலகத்துக்கு வெளியிட்டார். மறுநாள் அவருடைய ஆய்வகத்தை 'சீர்திருத்தத்துக்காக' மூடச் சொன்னார்கள். வூஹானுக்குள் போய் வீடியோ எடுத்துப் போட்ட ஜாங் ஜான் என்ற பெண்ணுக்கு அந்த டிசம்பரில் 4 ஆண்டு சிறை.

ஜனவரி 17 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வூஹானில் நோயாளிகள் 41 இல்லை, சுமார் 1,723 இருக்கலாம் என்றார்கள். மறுநாள் செய்தியில் படித்தேன். 'வெள்ளைக்காரன் பூதாகரமாக்குகிறான்' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அவர்களிடம் உளவாளி யாரும் இல்லை. கணக்கு இவ்வளவுதான். வூஹான் விமான நிலையத்தை நம்பியிருக்கும் மக்கள் 1.9 கோடி. அங்கிருந்து தினமும் வெளிநாடு போகிறவர்கள் சுமார் 3,300 பேர். அப்படியென்றால் ஒரு நாளில் 5,750 பேருக்கு ஒருவர். நோய் தொற்றிக் கண்டுபிடிக்கப்பட 10 நாள் என்று வைத்தால், அந்தக் காலத்தில் 575 பேருக்கு ஒருவர் வெளியே வருகிறார். வெளிநாட்டில் பிடிபட்டவர்கள் 3 பேர், தாய்லாந்தில் 2, ஜப்பானில் 1. மூன்றை 575-ஆல் பெருக்கினால் 1,725. துல்லியம் என்று அவர்களும் சொல்லவில்லை. 400-லிருந்து 4,500 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றார்கள். ஆனால் குறைந்தபட்ச எண்ணே 41-ஐப் போல் பத்து மடங்கு.

இதை நான் பின்னால் நோட்டில் போட்டுப் பார்த்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் இது என் வேலை! தினமும் செய்வது! சப்ளையர் ஒரு டெஸ்ட் சர்டிபிகேட் அனுப்புவான், எல்லாம் ஓ.கே. என்று. அதை நம்பி ஒரு லாட்டையும் உள்ளே விடமாட்டேன். பெட்டியைத் திறந்து சாம்பிள் எடுப்பேன். சாம்பிளில் 3 பீஸ் ஓட்டை என்றால் லாட்டையே நிறுத்துவேன். பாங்காக்கிலும் ஜப்பானிலும் பிடிபட்ட அந்த மூன்று பேர்தான் சாம்பிள். இரும்புத் துண்டுக்குப் பார்த்ததை மருமகனுக்குப் பார்க்காமல் விட்டேன்.

ஜனவரி 20 அன்று ஜோங் நான்ஷான் என்ற மூத்த மருத்துவர், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று டி.வி.யில் ஒப்புக்கொண்டார். 23 அதிகாலை 2 மணிக்கு அறிவிப்பு. காலை 10 மணிக்கு ஊர் மூடப்பட்டது.

அடுத்த ஒன்பது நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ஹாஸ்டல் அறையில் நூடுல்ஸ் பாக்கெட்டை எண்ணி எண்ணிச் சாப்பிட்டான். தினமும் காலையும் மாலையும் காய்ச்சல் அளவை போட்டோ எடுத்து அனுப்புவான். அக்கா அதை எனக்கு அனுப்புவாள். எண்ணை மட்டும்தான் அனுப்புவாள், ஒரு வார்த்தை எழுத மாட்டாள். பிப்ரவரி 1 காலை ஏர் இந்தியாவின் முதல் விமானம் 324 பேரோடு டெல்லியில் இறங்கியது. அதில் இவன் இருந்தான். மானேசர் ராணுவ முகாமில் இருந்துவிட்டு பிப்ரவரி மூன்றாம் வாரம் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தான். நோய் இல்லை. பிழைத்தோம்.

நான் ஏன் 41-ஐ நம்பினேன்? சீனாவைப் பார்த்திருந்தேன், அதனால்தான். நான்கு தடவையும் பளபளக்கும் சாலை, மணிக்கு 300 கிலோமீட்டர் ரயில், இரவோடு இரவாக எழும் பாலம். இவ்வளவு திறமையான ஆட்கள் ஒரு காய்ச்சலை எண்ணத் தெரியாமலா இருப்பார்கள் என்று தோன்றியது. எண்ணத் தெரிவது வேறு, எண்ணியதைச் சொல்வது வேறு என்பது உறைக்கவில்லை.

இதில் நான் முதல் ஆள் இல்லை. 1956-இல் நம் அரசு, கூட்டுப் பண்ணைகளைப் பார்த்து வர ஆர்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழுவைச் சீனாவுக்கு அனுப்பியது. சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, நாமும் இதைச் செய்யலாம் என்று எழுதினார்கள். குழுவில் இரண்டே பேர் உடன்படவில்லை என்று தனியாக எழுதி வைத்தார்கள். 1958-இல் 37.5 கோடி டன் தானியம் விளைந்ததாகச் சீனா அறிவித்தது. அடுத்த ஆண்டே அதை 25 கோடி என்று குறைத்தது. உண்மையில் விளைந்தது 20 கோடி. அடுத்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

அதே சீனாவில் உண்மை பத்திரிகையிலேயே கிடந்ததும் உண்டு. அக்சாய் சின் வழியாகப் போட்ட சாலை முடிந்துவிட்டது என்று 1957-இல் சீனப் பத்திரிகைகளே பெருமையாக எழுதின. பீக்கிங்கில் இருந்த நம் தூதரகம் அதைப் படித்துத்தான் டெல்லிக்கு எழுதியது. நேரில் போய்ப் பார்க்க ஆள் அனுப்பியது அடுத்த ஆண்டு கோடையில்.

எல்லாவற்றையும் சந்தேகித்தால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2020 பிப்ரவரியில் வூஹான் மேல் கந்தக டை ஆக்சைடு சிவப்பாகத் தெரிகிறது, பல்லாயிரம் பிணங்களை எரிக்கிறார்கள் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஒரு தடவை சூடுபட்ட வேகத்தில் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அது செயற்கைக்கோள் எடுத்த அளவே இல்லை, கணினி போட்ட வானிலை முன்கணிப்பு. 2009-இலும் இப்படித்தான். சென்னை சீன ஆய்வு மையத்தின் டி.எஸ். ராஜன், இந்தியாவைத் துண்டு துண்டாக உடைக்கலாம் என்று சொல்லும் ஒரு சீனக் கட்டுரையைப் பற்றி எழுத, டி.வி.க்கள் நாள் கணக்கில் கொதித்தன. கடைசியில் அது யாரோ ஒருவரின் தனிக் கருத்து என்று நம் வெளியுறவு அமைச்சகமே தணிக்க வேண்டியிருந்தது. கதவு சாத்திய வீட்டைப் பார்க்கிறவனுக்கு இரண்டு வியாதியும் வரும். ஒன்று, உள்ளே எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைப்பான். இல்லாவிட்டால் கொலை நடக்கிறது என்பான்.

நம் வீட்டுக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்றும் மார்தட்ட முடியாது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கில் 5 லட்சத்துக்கும் கீழே. அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஆனால் 2021 மே மாதம் திவ்ய பாஸ்கர் என்ற குஜராத்திப் பத்திரிகை இறப்புச் சான்றிதழ்களை எண்ணி முதல் பக்கத்தில் போட்டது, மறுநாளும் பத்திரிகை வந்தது. வூஹான் தன் மரணக் கணக்கை 2,579-லிருந்து 3,869 என்று திருத்தியது 2020 ஏப்ரல் 17-இல். அதையும் அவர்களே சொன்னால்தான் உண்டு.

ஸ்டேஷனில் ரயில் வர அரை மணி நேரம் இருந்தது. டீ குடித்துக்கொண்டே மருமகனிடம் திருப்பிக் கேட்டேன். "உள்ளே இருந்த உனக்கு ஏண்டா தெரியலை?"

"ஹாஸ்டல் வார்டன் அம்மா ஜனவரி முதல் வாரத்துலயே மாஸ்க் போட ஆரம்பிச்சாங்க மாமா. ஏன்னு கேட்டோம். சிரிச்சுட்டு, நல்லா சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது."

ஆக, அங்கே உள்ளே இருந்தவர்களும் வெளியாட்கள்தான். என்னைப் போலவே வார்டன் முகத்தையும் மாஸ்க்கையும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2020 ஏப்ரலில் அந்த ஏற்றுமதி அம்மா எங்கள் கம்பெனி விலாசத்துக்கு ஒரு பெட்டி மாஸ்க் அனுப்பினார். உள்ளே சீட்டு எதுவும் இல்லை. ஜனவரி 10 செய்தியைப் பற்றி ஒரு நாள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஜூன் 29 அன்று நம் அரசு வீசாட்டைத் தடை செய்தது. பிறகு அவர் வேலை மாறிவிட்டதாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை அது. அவருக்கு என் நன்றி போய்ச் சேரவில்லை.

இப்போதும் சொந்தக்காரர்கள் "அந்த நாட்டுல நிலைமை எப்படி?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். வரச் சொல்லவா என்றால், வரச் சொல்லுங்கள் என்கிறேன். நான் பயந்தது வீண் என்றால் 18,000 ரூபாய் போகும். தைரியம் சொன்னது வீண் என்றால் என்ன போகும் என்பதை ஒன்பது நாள் பார்த்துவிட்டேன்.

பி.கு: அக்கா இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மருமகன் கேட்டதே பெரிய உதவி.