பிளஷர்

ஷார்ஜாவிலிருந்து மருமகன் கூப்பிட்டான். "மாமா, நல்லா ரெஸ்டோர் பண்ணின அமெரிக்கன் மசில் கார் ஒண்ணு வேணும். மஸ்டாங் கெடச்சா கொள்ளாம். இல்லேன்னா சார்ஜர். நம்ம பக்கத்துல பழைய வீடுகள்ல எங்கயாவது கெடக்கும், ஒண்ணு தேடிப் பாருங்க."

சக்கை தேடச் சொல்லியிருந்தால் தேடியிருப்பேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பழைய வீடுகளில் கிடப்பதெல்லாம் உரலும் ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினும் கால் உடைந்த சாய்வு நாற்காலியும்தான். 1964ல் போண்டியாக் கம்பெனிக்காரர்கள் நடுத்தரமான ஒரு காருக்குள் 6.4 லிட்டர் வி-8 எஞ்சினைத் திணித்து ஜி.டி.ஓ. என்று விற்றார்கள். அதே வருடம் ஏப்ரலில் மஸ்டாங் வந்தது. மருமகன் சொல்லும் மசில் காரின் ஜாதகம் அங்கே தொடங்குகிறது. ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1953ல் ஃபோர்டும் 1954ல் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் வண்டி பூட்டுவதை நிறுத்திக் கடையைக் கட்டிவிட்டன. இறக்குமதிக் கதவும் சாத்தியாயிற்று. மஸ்டாங் வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து முறையாக இறங்க 2015 ஆக வேண்டியிருந்தது. இதை மருமகனிடம் சொன்னால், கிழவனுக்கு மெனக்கெட மடி என்பான். அதனால் கிளம்பினேன்.

மூன்று வாரம் அலைந்தேன். உதியன்குளங்கரையில் ஒரு புரோக்கர் வில்லிஸ் ஜீப்பைக் காட்டி, "இதும் அமெரிக்கன்தானே சாரே" என்றார். மறுக்க முடியவில்லை. தனுவச்சபுரத்தில் இன்னொருவர் ஃபியட்டைக் காட்டினார். பேச்சு எங்கே தொடங்கினாலும் திருவிதாங்கூர் உத்ராடம் திருநாள் மகாராஜாவின் பென்ஸில் வந்து முடிந்தது. 1955ஆம் வருடத்து வண்டி, நம்பர் சி.ஏ.என். 42. அதைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அதில் ஏறி இறங்கியவர்கள் மாதிரிப் பேசினார்கள்.

இந்த அலைச்சலில் எனக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு சொல். அமரவிளைச் சாயாக்கடையில் ஒரு கிழவர், "ஓ, பிளஷர் தேடுதீரா?" என்று கேட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு ஐம்பது வருடம் இருக்கும். சரக்கு ஏற்றினால் லாரி, ஆள் ஏற்றினால் பஸ், சொகுசாகப் போனால் பிளஷர். 'பிளஷர் கார்' என்று வெள்ளைக்காரன் சொன்னதில் காரை உதறிவிட்டுச் சுகத்தை மட்டும் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நான் முதலில் ஏறிய பிளஷர் ஒரு பிளைமவுத். 1965, அத்தைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கருங்கல் பக்கம். கேரள-தமிழக எல்லை பிறந்து ஒன்பது வயது, எனக்குப் பத்து. மறுவீட்டுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிவர, பாட்டா நெய்யாற்றின்கரையிலிருந்து வாடகைக்குக் கார் பிடித்தார். ஒரு காருக்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று அம்மை முணுமுணுத்தாள். விஷயம் ஆடம்பரம் இல்லை, அரிசி.

அப்போது அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடை. இங்கே ரேஷன். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நெல் குவிந்து கிடந்தது, இந்தப் பக்கம் மறுவீட்டு விருந்துக்கு அறுபது இலை போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மூட்டை சம்பா தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவற்றை விழுங்கும் வயிறு பிளைமவுத்துக்குத்தான் உண்டு என்பது பாட்டாவின் கணக்கு. டிக்கியில் ஒரு மூட்டை நீட்டிப் படுத்தது. அதன் மேல் வாழைக்குலையும் பலகாரப் பெட்டியும். இன்னொன்றைப் பிரித்து இரண்டு சாக்காக்கிப் பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் போட்டார்கள். மேலே ஜமுக்காளம், ஜமுக்காளத்தின் மேல் நான். அசையக் கூடாது, கேட்டால் 'வயிற்று வலி' என்று சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டம் தாண்டி, குழித்துறைப் பாலம் தாண்டி, எல்லைச் செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி, கரையில் இழுத்துப் போட்ட வள்ளம் மாதிரி நின்றது வண்டி. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பட்டுச் சேலையும் பிச்சிப் பூவுமாக அத்தை, வேர்த்து வழியும் மாப்பிள்ளை, அவர்கள் காலடியில் நான். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "எனக்கு வயிற்று வலி" என்றேன். போலீஸ்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை அழுதாள். அது பயத்தில் வந்த அழுகை. அவர் அதைப் புதுப்பெண்ணின் அழுகை என்று எடுத்துக்கொண்டாரோ, எல்லாம் தெரிந்துதான் விட்டாரோ, கையை வீசிப் போகச் சொன்னார். பாறசாலை மகாதேவர் கோயில் வரும்வரை காருக்குள் யாரும் மூச்சு விடவில்லை. அந்த அரிசியின் உருவம் இரண்டு நாள் என் பின்பக்கத்தில் பதிந்திருந்தது. அமெரிக்கன் காரின் மசில் என்றால் எனக்கு இன்றும் அதுதான் அளவு.

கடைசியில் கொல்லயில் பக்கம், ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று இருந்தது. டாட்ஜ் கிங்ஸ்வே. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி பூட்டியது. அமெரிக்கன்தான், வலப்பக்க ஸ்டியரிங்தான். மசில் கார் என்று சொல்ல முடியாது, அதற்குச் சித்தப்பா முறை. சாணிப்பச்சை பெயின்ட் அடித்துப் புதுசாக நின்றது. மேஸ்திரி உள்ளங்கையால் மட்கார்டைத் தட்டினார். "பாடி ஒறிஜினல் சாரே. சேசி ஒறிஜினல்."

பானெட்டைத் தூக்கினேன். ஆறு சிலிண்டர் நீண்டு படுத்திருக்க வேண்டிய இடத்தின் ஓரத்தில், பெரிய கட்டிலில் ஒண்டிப் படுத்த விருந்தாளி மாதிரி ஒரு சின்ன எஞ்சின். சுற்றிலும் இருந்த காலி இடத்தில் கோழி அடை வைக்கலாம்.

"எஞ்சின் மட்டும் மெட்டடார்" என்றார் மேஸ்திரி. கொஞ்ச நேரம் கழித்து, "பின்னே கியர் பாக்ஸும்." மறுபடி கொஞ்சம் கழித்து, "ஸ்டியரிங் பாக்ஸ் அம்பாசடர். சீட்டு நம்ம ஆசாரி பணிஞ்சது."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும், வாடகைக்கு ஓடிய பெரிய வண்டிகளுக்கெல்லாம் இந்த ஆபரேஷன்தான் நடந்தது. ஆறு சிலிண்டரை ஆக்ரிக் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். வைத்ததால்தான் வண்டி பிழைத்தது. வைக்காதவை வெட்டுப்பட்டுப் போயின.

சட்டம் இதை ஒத்துக்கொள்ளாது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 'வி.ஏ.' வரிசையில் விண்டேஜ் நம்பர் உண்டு. புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் வண்டி ஆதி வடிவத்தில் இருக்க வேண்டும். சேசியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது.

ஆதி வடிவம் என்ற சொல்லை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன். என் அப்பா பிறந்தது திருவிதாங்கூரில், பிள்ளை பெற்றது திருக்கொச்சியில், ரிட்டையர் ஆனது கேரளத்தில். வீட்டைவிட்டு ஒரு முழம் நகரவில்லை. 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. தமிழர்கள் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் இருந்தது. அது இங்கேயே நின்றுவிட்டது, நாங்களும். ரேஷன் கார்டு மலையாளம், அடுக்களை தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என் பைக் கே.எல். 19, மச்சான் பைக் டி.என். 75. இரண்டுக்கும் பங்சர் ஒட்டுவது இஞ்சிவிளையில் ஒரே கடை. ஆர்.சி. புத்தகத்தில் சேசி நம்பர் ஒரு வரி, எஞ்சின் நம்பர் இன்னொரு வரி. சேசி ஓரிடத்தது, எஞ்சின் வேறிடத்தது என்பதற்காக வண்டியைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மருமகனிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். "மெட்டடார் எஞ்சினா? அதுக்கு அம்பாசடர் போதுமே மாமா" என்று போனை வைத்துவிட்டான்.

டாட்ஜ் இன்னும் கொட்டகைக்குப் பின்னால்தான் நிற்கிறது. கண்காட்சிக்கு ஆகாது, ரேஸுக்கு ஆகாது. கல்யாணத்துக்கு ஆகும். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், மேஸ்திரியிடம் பேசிக் குறைத்து வாங்கித் தருகிறேன். டிக்கியைத் திறந்து பார்த்தேன்: இரண்டு மூட்டை கொள்ளும்.